கீழே போறணை, மேலே வீடு: எந்தச் சிலாப்பைப் போடுவது?

சுன்னாகம் பக்கம் வெதுப்பகம் நடத்தும் தம்பி ஒருவர் போன மாதம் கேட்டார்: "அண்ணை, கீழே விறகுப் போறணை. மேலே ரெண்டு அறை கட்டிக் குடிவரப் போறம். வளைவு வளைவா வார்த்து அடுக்கிற கொங்கிறீட் தளம் நெருப்புக்குத் திறம் எண்டு சொல்லினம். அதைப் போடவோ, எல்லாரும் போடுற சிலாப்பையே அடிக்கவோ?"

இதே கேள்வியை இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவருக்குக் கீழே புடைவைக்கடை. மற்றவருக்குக் குசினிக்கு மேலே பிள்ளைகளின் படிப்பறை. 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்த நாளிலிருந்து வீட்டுக்காரரிடம் இந்தப் பயம் இருக்கிறது. நியாயமான பயம். ஆகவே மூவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

"நெருப்புக்குத் திறம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கீழே தீ பிடித்தால் தளம் மூன்று வேலை செய்யவேண்டும். இடிந்து விழாமல் நிற்கவேண்டும். வெடிப்பு வழியாகவும் மூட்டு வழியாகவும் புகையையும் சுவாலையையும் மேலே விடக்கூடாது. மேற்பக்கம் மெத்தையோ பாயோ பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறக்கூடாது. முதலாவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பி. கடைசி இரண்டையும் தீர்மானிப்பது தளத்தின் தடிப்பும் மூட்டுகளும்.

கட்டடத் தீ எவ்வளவு சூடாகும் என்று பலருக்குத் தெரிவதில்லை. பரிசோதனைச் சாலைகளில் பயன்படுத்தும் நியமக் கணக்கில் அரை மணிநேரத்தில் 840 பாகை செல்சியஸ், ஒரு மணிநேரத்தில் 945 பாகை. சாதாரணக் கம்பி 550 பாகை அளவில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். கம்பிக்குக் கீழே அதை மூடியிருக்கும் கொங்கிறீட், அதாவது கவர்தான், அந்தச் சூடு கம்பியை எட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது.

அடுத்தது உப்பு. கொழும்பில் எழுதிய கட்டுரையை அப்படியே யாழ்ப்பாணத்துக்கு எடுத்துவர முடியாததற்குக் காரணம் இதுதான். குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் அதிக தூரமில்லை. வடமராட்சி கிழக்கின் மணற்காடு, அம்பன் பக்கத்து மணல் நுண்ணியது, உப்பும் இருக்கலாம். பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீரும் உவர். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து வீங்கும், கவர் உதிரும். கவர் உதிர்ந்த சிலாப்புக்குத் தீத்தாங்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. கட்டிய அன்று இரண்டு மணிநேரம் தாங்கக்கூடிய தளம், இருபது வருடம் கழித்து இருபது நிமிடம் தாங்குமா என்பதுதான் இங்கே கேட்கவேண்டிய கேள்வி.

இவற்றோடு பாரம், அறை உயரம், மேசனின் பழக்கம், வேலை நடக்கும்போது கீழே கடையை எத்தனை நாள் மூடவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கு நான் தரப்போவதில்லை. 2022இல் சீமெந்து விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு, அளவைச் சொல்லி விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்கச் சொல்வதே நேர்மை என்று நினைக்கிறேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் 100 சதுர அடிக்கு, 12 அடி அகல அறையை மனதில் வைத்துப் போட்டவை.

## ஒன்று: இடத்திலேயே வார்க்கும் சிலாப்

எல்லாருக்கும் தெரிந்தது. முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, கம்பி கட்டி, ஒரே நாளில் வார்ப்பது. 5 அங்குலச் சிலாப்புக்கு 42 கன அடி கொங்கிறீட் போகும். 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவையில் ஏழரைப் பை சீமெந்து, மேல்பூச்சுக்கு ஒன்றரைப் பை. 10 மில்லிமீற்றர்க் கம்பியை 6 அங்குலத்துக்கு ஒன்றாக இரு பக்கமும் கட்டினால் 75 கிலோ அளவில் வரும்.

தீயைப் பொறுத்தவரை இது நல்ல தளம். இங்கே பொறியியலாளர்கள் நெடுங்காலம் கைக்கொண்ட பிரித்தானிய நியமம் பி.எஸ். 8110 சொல்லும் கணக்கு: ஒரு மணிநேரத்துக்கு 95 மில்லிமீற்றர் தடிப்பும் 20 மில்லிமீற்றர் கவரும் போதும். இரண்டு மணிநேரம் வேண்டுமென்றால் 125 மில்லிமீற்றர் தடிப்பு. கவர், தொடர்ச்சியான சிலாப்புக்கு 25, தனி அறைச் சிலாப்புக்கு 35. 125 மில்லிமீற்றர் என்பது நமது 5 அங்குலமேதான். ஆகத் தடிப்பில் குறை வருவதில்லை. குறை வருவது கவரில்.

வார்க்கும் நாள் காலையில் போய்ப் பாருங்கள். கம்பிக்குக் கீழே கவர் புளொக் இருக்கும் இடமும் உண்டு, உடைந்த ஓட்டுத்துண்டு செருகிய இடமும் உண்டு, ஒன்றுமே இல்லாமல் கம்பி பலகையில் படுத்திருக்கும் இடமும் உண்டு. பத்துப் பேர் வாளியோடு மேலே நடந்தால் நிமிர்ந்து நின்ற கம்பியும் படுத்துவிடும். முப்பது வருடத்துக்கு முந்திய சிலாப் ஒன்றின் அடியைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்திருக்கிறேன். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்டது. குசினி மூலைக்கு வந்ததும் சத்தம் 'டொக்' என்று செத்துப்போனது. இன்னும் இரண்டு தட்டில் உள்ளங்கை அகலத்தில் பூச்சு கழன்று விழுந்தது, பின்னால் கம்பி இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் செதில் செதிலாகத் துரு. அந்த வீட்டுக்காரர் கீழே காஸ் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முட்டுகளை 14 நாளாவது எடுக்கக்கூடாது, அதுவரை கீழே வேலை இல்லை. பலகை அடித்துக் கம்பி கட்டும் நாளும் சேர்த்தால் வெதுப்பகத்துக்கு அது மூன்று கிழமை வருமானம். இரண்டாவது, தண்ணீர் விடுதல். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் காலையில் வார்த்தால் மத்தியானத்துக்குள் மேற்பரப்பு கோடு கோடாக வெடிக்கும். சாக்குப் போட்டு நனைத்தபடி ஒருவர் ஏழு நாளாவது நிற்கவேண்டும். அந்த ஆளின் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

## இரண்டு: பிரீஸ்ட்ரெஸ் பீமும் மெல்லிய கொங்கிறீட்டும்

தொழிற்சாலையில் கம்பியை இழுத்துப் பிடித்து வார்த்த ஒல்லிப் பீம்களை இரண்டடி இடைவெளியில் வைத்து, மேலே வலைக் கம்பியோடு 2 அங்குலக் கொங்கிறீட் போடும் முறை. தெற்கில் நேர்ட் (NERD) எனும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி, அபிவிருத்தி நிலையம் பரப்பிய முறை இதுதான். முட்டு குறைவு, கம்பி குறைவு, வேகம் அதிகம். கீழே கடையை ஒரு கிழமைக்குள் மீண்டும் திறக்கலாம். சாதாரண வீட்டுக்கு, கீழே படுக்கையறையோ விறாந்தையோ இருந்தால், இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நெருப்புக்கு மட்டும் இதைத் தயக்கத்தோடுதான் சொல்வேன். இழுத்து வைத்த மெல்லிய கம்பிகள் சாதாரணக் கம்பியைவிட முன்னதாகவே, 350 முதல் 400 பாகைக்குள், தளர்ந்துவிடும். பீம் சிறியது, மூன்று பக்கமும் சூடேறும். மேலே 2 அங்குலம் என்பது 50 மில்லிமீற்றர்தான். அரை மணிநேரத்துக்கே நியமம் 75 கேட்கிறது. 1 அங்குல மேல்பூச்சைச் சேர்த்தால் அந்த 75 வந்துவிடும், அதற்கு மேல் போகாது. அடியில் வலை அடித்து முக்கால் அங்குலம் சீமெந்துப் பூச்சு பூசினால் நிலைமை முன்னேறும். அந்தப் பூச்சின் செலவையும் சேர்த்த பிறகு மலிவு என்று சொல்லுங்கள். பீம்களை லொறியில் ஏற்றி ஏ9 வழியே கொண்டுவரும் கூலியும் உண்டு. உங்கள் ஒழுங்கையில் லொறி திரும்புமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

## மூன்று: முன்வார்த்த வளைவுத் தட்டுகள்

இதன் கதை பழையது. இங்கிலாந்தில் பருத்தி ஆலைகளும் மாவாலைகளும் மரத்தளத்தோடு எரிந்துகொண்டிருந்த காலம். 1791இல் இலண்டனின் பெரிய மாவாலையே எரிந்துபோனது. 1797இல் ஷ்ரூஸ்பரியில் ஆளிச்செடி நாரில் நூல் நூற்கும் ஓர் ஆலையை மரமே இல்லாமல், வார்ப்பிரும்புப் பீம்களுக்கு இடையில் செங்கல் வளைவு கட்டி எழுப்பினார்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. செங்கல்லின் இடத்துக்குக் கொங்கிறீட் வந்ததும், வளைவைத் தரையில் வார்த்துத் தூக்கி வைப்பது அடுத்த படியாயிற்று.

வளைவின் பலம் எங்கே இருக்கிறது என்று புரிந்தால் மீதி எல்லாம் புரியும். தட்டையான சிலாப்பின் அடிப்பக்கம் இழுபடுகிறது. கொங்கிறீட் இழுவையைத் தாங்காது, அதனால்தான் அங்கே கம்பி. நெருப்பும் அந்த அடிப்பக்கத்தைத்தான் முதலில் தொடுகிறது. வளைவில் பாரம் நெருக்கும் விசையாக மாறிப் பக்கத்துக்குப் போகிறது. நெருக்கத்தைக் கொங்கிறீட் தானே தாங்கும். தட்டுக்குள் இருக்கும் மெல்லிய வலைக்கம்பி தூக்கும்போது உடையாமல் இருப்பதற்கு மட்டுமே. தீயில் அந்த வலை பலமிழந்தாலும் வளைவு நிற்கும், உப்பில் அது துருப்பிடித்தாலும் தளம் விழாது. யாழ்ப்பாணத்துக்கு இந்த முறை பொருந்துகிறது என்று நான் நினைப்பதற்குப் பெரிய காரணம், நெருப்பைவிட, இந்த உப்புக் கணக்குத்தான்.

அளவு சொல்கிறேன். 12 அடிக்கு 16 அடி அறை. 12 அடிப் பக்கத்தில் ஓடும் கொங்கிறீட் பீம்களை 4 அடிக்கு ஒன்றாக வைத்தால் நான்கு கட்டம். ஒவ்வொரு தட்டும் 4 அடி நீளம், ஒரு அடி அகலம், 2 அங்குலத் தடிப்பு, நடுவில் 6 அங்குல எழுச்சி. மொத்தம் 48 தட்டு. ஒன்றின் நிறை 47 கிலோ அளவில், இரண்டு பேர் தூக்கலாம். கடையில் வாங்கும் சாமானாக இதை நினைக்காதீர்கள், வளவிலேயே வார்க்கத் திட்டமிடுங்கள். செங்கல்லால் முதுகு போல் ஒரு மேடு கட்டி, சீமெந்து பூசி வழவழவென்று தேய்த்து, ஒயில் தடவி, அதன்மேல் வார்ப்பது. எட்டு மேடு இருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்தால் 12 நாளில் 48 தட்டும் முடியும். பிறகு 14 நாளாவது நிழலில் நனையவேண்டும். தரையில் வார்ப்பதால் ஒவ்வொரு தட்டையும் கையால் தடவி, திருப்பி, தட்டிப் பார்க்கலாம். பிழையானதை ஒதுக்கிவிடலாம். சிலாப்பில் அந்த வசதி கிடையாது.

இனி விலை கொடுக்கவேண்டிய இடங்கள்.

முதலாவது உதைப்பு. வளைவு பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளும். சதுர மீற்றருக்கு 600 கிலோ பாரம் என்று வைத்தால், 4 அடி அகலமும் 6 அங்குல எழுச்சியும் உள்ள வளைவு ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் ஏறக்குறைய 720 கிலோ பக்கவாட்டில் உதைக்கிறது. எழுச்சியை 3 அங்குலமாகக் குறைத்தால் உதைப்பு இரட்டிப்பாகும். நடுக் கட்டங்களில் இரு பக்கத்து உதைப்பும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். கடைசிக் கட்டத்தில் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. 12 அடிப் பீமுக்கு இரண்டரை தொன்னுக்கு மேல் வெளிச்சுவரைத் தள்ளும். அங்கே பீமிலிருந்து பீமுக்கு இழுகம்பி வேண்டும், அந்தக் கம்பி கொங்கிறீட்டுக்குள் புதைந்திருக்கவேண்டும். அறைக்குள் வெறுமனே தெரிந்தால் தீயில் முதலில் தளர்வது அதுதான்.

வேலை பழகிய காலத்தில் ஒரு வெங்காயக் களஞ்சியத்துக்கு இப்படித் தளம் போட்டோம். வரைபடத்தில் இழுகம்பி இருந்தது. ஒப்பந்தக்காரர் கடைசிக் கட்டத்தில் அதைப் போடவில்லை. மேற்பார்வை என் பொறுப்பு, அன்று நான் வேறு இடத்தில் நின்றுவிட்டேன். மூன்று மாதத்தில் ஓரச் சுவருக்கும் பீமுக்கும் இடையில் தபாலட்டை நுழையும் அளவுக்கு வெடிப்பு. பூச்சு வெடிப்பு என்று சொல்லிப் பூசினார்கள், மறுபடியும் திறந்தது. கடைசியில் வெளிச்சுவரில் இரும்புத் தட்டு வைத்துக் கம்பி போட்டு இறுக்கிய பிறகுதான் நின்றது. அன்றிலிருந்து வளைவுத் தளம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது கடைசிக் கட்டத்தை.

இரண்டாவது பீம். வளைவு நெருப்பைத் தாங்கும் என்பதால் தளமும் தாங்கும் என்று அர்த்தமில்லை. பீம் விழுந்தால் வளைவும் விழும். 19ஆம் நூற்றாண்டு "தீப்பிடிக்காத" தளங்கள் பலவற்றில் இரும்புப் பீமின் அடி வெளியே தெரிந்துகொண்டிருந்தது, அதுவே அவற்றின் பலவீனம். பிறகுதான் சுட்ட மண் ஓடுகளால் அதை மூடப் பழகினார்கள். ஆகப் பீமைக் கொங்கிறீட்டில் வார்த்துவிடுங்கள், அடியிலும் பக்கத்திலும் ஒன்றரை அங்குலக் கவர் கொடுங்கள். தளம் முழுக்கக் கவருக்குக் காவல் இருப்பதைவிட ஐந்து பீமுக்குக் காவல் இருப்பது எளிது.

மூன்றாவது பாரமும் உயரமும். வளைவென்றால் இலேசு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தட்டு, வளைவின் தோள்களில் நிரப்பும் கலவை, மேலே 2 அங்குலக் கொங்கிறீட், பீம் எல்லாம் சேர்த்தால் சதுர அடிக்கு 37 கிலோ. பூச்சோடு 5 அங்குலச் சிலாப் 33 கிலோ. கம்பி 75 கிலோவிலிருந்து 50, 55க்கு இறங்கும், ஆனால் சீமெந்து ஒன்பது பையிலிருந்து பத்து, பதினொன்றாக ஏறும். பீமின் அடிவரை பார்த்தால் தளத்தின் மொத்த உயரம் ஒரு அடியைத் தொடும். அறை உயரம் குறைகிறது, அல்லது சுவரும் படியும் கூடுகின்றன.

மூட்டுகளைச் சீமெந்துக் கலவையால் நிறைவாக அடைக்கவேண்டும். 48 தட்டுக்கு இடையில் அத்தனை மூட்டு, ஒன்று வெறுமையாக இருந்தாலும் புகை வரும். மேலே வலைக்கம்பியோடு 2 அங்குலம் வார்ப்பது அதற்காகவும்தான். உச்சியில் தட்டும் அதுவும் சேர்ந்து 100 மில்லிமீற்றர், சூட்டுத் தடைக்கு ஒரு மணிநேரக் கணக்கு. பிற்காலத்தில் குளியலறைக் குழாய்க்காகத் தட்டை உடைக்கப் போனால் வளைவு அறும். குழாய் போகும் கட்டத்தைத் தட்டையாகவே வார்த்துவிடுங்கள்.

## மரமும் தண்டவாளமும்

பனந்தீராந்தி போட்டு மேலே பலகை அடிப்பதைச் சிலர் இன்றும் கேட்கிறார்கள். வைரம் பாய்ந்த பனை நெடுங்காலம் உழைக்கும் மரம், அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. போறணைக்கு மேலே வேண்டாம்.

பழைய தண்டவாளத்தைப் பீமாக வைத்து வளைவு போடலாமா என்றும் கேட்டார்கள். 1990இல் யாழ்தேவி நின்ற பிறகு தண்டவாளம் பங்கருக்குப் போன நினைவில் அந்த யோசனை வருகிறது. பங்கருக்குமேல் மண்மூட்டை இருந்தது, கீழே நெருப்பு இல்லை. மூடாத இரும்பு, தீயில் அரை மணிநேரம் தாங்குவதே அரிது. அது அரச சொத்து என்பதையும் மறக்கவேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | இடத்தில் வார்த்த சிலாப் | பிரீஸ்ட்ரெஸ் பீம் | வளைவுத் தட்டு |
|---|---|---|---|
| தீ | 5 அங்குலமும் சரியான கவரும் இருந்தால் 2 மணிநேரம் | அடிப்பூச்சு இல்லாமல் நம்பமுடியாது | 1 மணிநேரம். பீமின் கவரைப் பொறுத்தது |
| உப்பு | அடிக்கம்பி முழுவதும் ஆபத்தில் | மெல்லிய கம்பி, துரு பொறுக்காது | பீமும் இழுகம்பியும் மட்டும் ஆபத்தில் |
| கீழ்த்தளம் மூடும் காலம் | 3 கிழமை | ஒரு கிழமைக்குள் | முன்வார்த்த பீம் என்றால் ஒரு கிழமை, இல்லையேல் 2, 3 கிழமை |
| மேசனின் பழக்கம் | எல்லாருக்கும் தெரியும் | விற்பவர் காட்டித்தருவார் | பழக்கவேண்டும் |
| உயரம் | 5, 6 அங்குலம் | 9 அங்குலம் அளவில் | ஒரு அடி அளவில் |
| மறைந்த செலவு | முட்டு, தண்ணீர் விடும் ஆள் | லொறிக் கூலி, அடிப்பூச்சு | தட்டு வார்க்கும் இடமும் ஒரு மாதமும், இழுகம்பி |
| பிறகு துளையிடல் | கவனமாகச் செய்யலாம் | பீமைத் தொடாமல் செய்யலாம் | கூடாது |

## சரி, யாருக்கு எது?

புடைவைக்கடைக்காரருக்கு நான் சொன்னது சிலாப். கடைக்குள் பீம் தொங்கினால் இறாக்கை வைக்க இடைஞ்சல், வரிசையில் பக்கத்துக் கடைச் சுவரும் பொதுச் சுவர், அதை உதைக்க அவருக்கு உரிமை கிடையாது. 5 அங்குலம், 35 மில்லிமீற்றர் கவர், குடிதண்ணீர்க் கிணற்றுத் தண்ணீர், கழுவிய ஆற்று மணல். வார்க்கும் நாளில் கவர் புளொக்கை எண்ணுவதற்கென்றே ஒருவரை நிறுத்தச் சொன்னேன்.

படிப்பறை கட்டுபவருக்குக் குசினி 10 அடிக்கு 10 அடிதான். ஒரு சின்ன அறைக்காகத் தட்டு வார்க்கும் மேடு கட்டுவது வீண் செலவு. அவருக்கும் சிலாப்.

வெதுப்பகத் தம்பிக்கு நீண்ட மண்டபம், 12 அடிக்கு 32 அடி. எட்டுக் கட்டம், 96 தட்டு, மேடு கட்டிய செலவு பரவிப்போகும். மூன்று பரப்புக் காணி, வார்க்க இடம் இருக்கிறது. போறணைச் சூடு நாள்தோறும் தளத்தில் படும், ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து சிலாப்பின் அடிக்கம்பியை வேகமாகத் தின்னும். அவருக்கு வளைவுத் தட்டு பொருத்தம் என்றேன், பொறியியலாளர் ஒருவர் உதைப்புக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்து வைத்தால் மட்டும். பிரதேச சபை அனுமதிக்கும் அந்த வரைபடம் வேண்டும். போறணைக்கு நேர்மேலே உள்ள ஒரு கட்டத்தை மட்டும் 5 அங்குலச் சிலாப்பாக வார்க்கச் சொன்னேன் (அப்போது 84 தட்டு போதும்), புகைபோக்கி அங்கேதான் தளத்தைத் துளைத்து மேலே போகிறது.

அவருடைய வரைபடத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. படி வெதுப்பகத்துக்குள்ளிருந்து மேலே ஏறியது. ஒரு மணிநேரம் தாங்கும் தளத்தில் மூன்றடி அகலத்தில் ஒரு துளை, அதன் மேல்முனையில் பிள்ளைகள் படுக்கும் அறை. தீ தளத்தைத் துளைக்கக் காத்திருக்காது, புகை படியேறி வந்துவிடும். தளம் செய்யும் காவலுக்கும் எல்லை உண்டு. 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது சுவர்கள் நின்றன, உள்ளே இருந்த ஏறக்குறைய 97,000 நூல்களும் இல்லாமல் போயின. ஆட்களும் பொருளும் தப்பவேண்டுமானால் வழியும் கதவும் சரியாக இருக்கவேண்டும்.

படியை வெளியே, கிணற்றடிப் பக்கம் மாற்றச் சொன்னேன். மழைக்கு நனையும் என்றார். படிக்கு ஒரு சீற் இறக்கினால் போகிறது. போன கிழமை புது வரைபடம் அனுப்பியிருக்கிறார். படி வெளியே வந்துவிட்டது, கடைசிக் கட்டத்தில் இழுகம்பி நான்கு வரைந்திருக்கிறது. முதல் எட்டு மேட்டையும் மாமரத்து நிழலில் கட்டத் தொடங்கிவிட்டார்களாம்.